ஆறு யூனிட் தயிர்சாதம்

பதினைந்து வயதில் எனக்கு வந்த சர்க்கரை நோயும் அறுபது வயதில் என் அம்மாவுக்கு வந்த சர்க்கரை நோயும் ஒன்றல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஊரே இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. அம்மாவின் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் அவளுக்கு மாத்திரை, நடை, சாதத்தைக் குறைத்தல். என் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. ஊசி போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை.

அதனால் நான் சாதம் சாப்பிடலாம். பிரியாணி சாப்பிடலாம். கணபதி பண்டிகை வந்தால் பக்கத்து வீட்டு மோதகம் சாப்பிடலாம். எவ்வளவு சாப்பிடப் போகிறேன் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பது என் உடம்பின் கணக்கு. இன்னொருவருக்கு வேறு கணக்கு இருக்கும். ஊசி குறைந்தால் சர்க்கரை ஏறும். கூடினால் இறங்கும். ஏறுவது மெல்ல ஆளைத் தின்னும், இறங்குவது நின்ற இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருபத்தாறு வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன். யாராவது என்னைப் பார்த்து "பாவம்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா தேஹு ரோடில் ராணுவத் தளவாடக் கிடங்கான ஆர்டினன்ஸ் டெப்போவில் வேலை பார்த்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அவருக்கு முந்திய தலைமுறையே இந்த மராட்டி ஊருக்கு வந்துவிட்டது. அவர் போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். தேஹு ரோடிலிருந்து லோக்கல் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ஆகுர்டி. அங்கே வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனை என் வேலை. பிரஸ்ஸில் அடித்து வரும் பாகத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளப்பேன். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு கட்டுவேன், இல்லாவிட்டால் சிவப்பு.

ஷாப்பில், அதாவது எங்கள் பட்டறைக் கூடத்தில், முந்நூறு டன் பிரஸ் இறங்கும்போது தரை அதிரும். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் காதைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். போன வருடம் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும் அடுத்தது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பெண் அந்த ஷாப்பில் இன்சார்ஜ் ஆனதில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும் என்பதை நான் மறைக்கவும் இல்லை. கம்பெனி டாக்டர் உடல் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

முதல் ஷிப்டுக்கு என் சாப்பாடு எப்போதும் தயிர்சாதம். சாம்பார் சாதம் ஷாப் சூட்டில் பதினொரு மணிக்குள் ஒரு மாதிரி ஆகிவிடும். ஸ்டீல் டப்பாவில் இரண்டு அடுக்கு. கீழே சாதம், மேலே பொரியல். கீழ் அடுக்கில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பினால் சாதம் தயிர் எல்லாம் சேர்த்து அறுபது கிராம் மாவுச்சத்து. சமையல் தராசு வாங்கிய புதிதில் நானே நிறுத்துப் பார்த்து முடிவு செய்த கணக்கு அது. அறுபதுக்கு ஆறு யூனிட். பத்தே முக்காலுக்குக் கேன்டீன் மேசையில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டால் பதினொரு மணிக்குச் சாப்பிடச் சரியாக இருக்கும்.

மேசையில் போடாமல் பாத்ரூமில் போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்று ஆரம்பத்தில் ஒருவர் நாசூக்காகச் சொன்னார். நீங்கள் உங்கள் சப்பாத்தியை அங்கே போய்ச் சாப்பிடுங்கள், நானும் வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சித்திரையில் தொடங்கியது. பன்னிரண்டு மணி வாக்கில் நெற்றி வியர்க்கும், விரல் நடுங்கும். சோதித்தால் அறுபத்தைந்து, அறுபது என்று காட்டும். எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. குளூக்கோஸ் மாத்திரை இரண்டைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். வெயிலில் இன்சுலின் வேகமாக ஏறும், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, அதனாலும் இருக்கும். காரணம் சொல்லிக்கொள்வதற்கா பஞ்சம். தயிர்சாதம் கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே என்று அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். வெயிலுக்குக் கெட்டியாகிவிடும், அதனால் பால் ஊற்றித் தளர்வாகப் பிசைந்திருக்கிறேன் என்றாள். எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். வெள்ளரிக்காய் துருவிப் போட்டிருந்தாள், குளிர்ச்சிக்கு. நானும் ருசித்துச் சாப்பிட்டேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டரை மணி. பிரேக் பெடல் தாங்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் துளையை அளந்துகொண்டிருந்தேன். காலிப்பரில் எண் தெரிகிறது, மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் மறந்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. பாகங்கள் நிறைந்த ஒரு தள்ளுவண்டியில் பச்சைச் சீட்டைக் கட்டினேன். கால் மடங்கியது. என் மேசைக்கு எதிரே வேலை செய்யும் மராட்டிப் பெண் வந்து தாங்கிப் பிடித்தாள். சட்டைப் பையில் மாத்திரை இருப்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. சர்க்கரை கேட்டேன். கேன்டீனிலிருந்து ஒருவர் டீ எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எனக்காகவே, என் மேல் உள்ள அக்கறையில், சர்க்கரை போடாத டீ. சுகர் பேஷன்ட் ஆயிற்றே.

அந்தச் சமயத்திலும் எனக்குக் கோபம் வந்தது. டீத் தட்டில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை எட்டிப் பிடுங்கி வாயில் கொட்டிக்கொண்டேன். கொடுக்காதே கொடுக்காதே என்று சூப்பர்வைசர் என் கையைப் பிடித்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன் என்றும், அது அடி மாதிரியே இருந்தது என்றும் பிறகு சொன்னார்கள். பத்து நிமிடத்தில் நான் நானாகிவிட்டேன். சோதித்ததில் நாற்பத்தெட்டு. அதுவும் சர்க்கரை ஏறிய பிறகு.

நான் பச்சைச் சீட்டு கட்டியது சிவப்பு கட்ட வேண்டிய வண்டி. ஷாப்பை விட்டு வெளியே போவதற்குள் அந்த மராட்டிப் பெண் பார்த்து நிறுத்திவிட்டாள். ஒரு பாகமும் வெளியே போகவில்லை. ஆனாலும் கட்டியது கட்டியதுதான். பத்தொன்பது வருடத்தில் என் கையால் நடந்த முதல் தவறு அது. பிரேக் பெடல். யாரோ ஒருவர் மிதிக்கப் போகிற பெடல்.

அதனால் அடுத்த நாள் அலுவலக அறைக்குக் கூப்பிட்டபோது நான் தலையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. புரொடக்ஷன் மேனேஜர், எச்.ஆரில் ஒருவர், கம்பெனி டாக்டர், மூன்று பேரும் இருந்தார்கள். முப்பது நாள் ஷாப்பில் கால் வைக்கக் கூடாது, ரெக்கார்ட் ரூமில் உட்கார வேண்டும். அதற்குள் இன்னொரு முறை இப்படி ஆனால் நிரந்தரமாக ரெக்கார்ட் ரூம். ஆகாவிட்டாலும், ஏன் ஆனது என்ற காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். இன்சார்ஜ் பதவியை அதுவரை நிறுத்தி வைப்பார்களாம். டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. எச்.ஆர்காரர் மட்டும், உங்களுக்கும் வயதாகிறது, ரெக்கார்ட் ரூமில் ஃபேன் எல்லாம் இருக்கிறது, நிம்மதியாக உட்காரலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஃபேன் உங்களிடமே இருக்கட்டும், நான் ஷாப்புக்குத்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரெக்கார்ட் ரூமில் மூன்று சுவர் நிறைய ஃபைல்கள். பிரஸ் சத்தம் அங்கே கேட்காது, தரையில் லேசான அதிர்வு மட்டும் கால் வழியாக வரும். முதல் நாள் அந்த அதிர்வை உணர்ந்துகொண்டு உட்கார்ந்தபோது அழுகை வந்தது. அழுதேன். அழுது முடித்ததும் என் சர்க்கரை நோட்டை எடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகம் கெட்டால் ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த ஏன். ஐந்தாவது பதில்தான் உண்மையான காரணம் என்பது எங்கள் நம்பிக்கை. யார் யாருடைய தவறுக்கோ ஆயிரம் முறை இந்தத் தாளை நிரப்பியிருக்கிறேன். இந்த முறை தாளின் மேலே என் உடம்பை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை இறங்கவில்லை. இரண்டாவது ஷிப்ட் வாரங்களில் கேன்டீன் சப்பாத்தி சாப்பிடுவேன், அப்போதும் இறங்கவில்லை. முதல் ஷிப்ட் நாட்களில் மட்டும், அதுவும் மதியம் மட்டும். கேம்ப் பகுதியில் என்னை வெகு காலமாகப் பார்க்கும் சர்க்கரை டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, மதிய ஊசியை நாலு யூனிட்டாகக் குறைத்துவிடு, பிரச்சினை முடிந்தது என்றார். முடியாது என்றேன். அளவு தப்பாக வந்தால் ஏன் தப்பாக வருகிறது என்று பார்க்காமல் கருவியைத் திருகக் கூடாது. இன்று நாலாக்கினால், நாளைக்கு அந்தக் காரணம் விலகியதும் எண் முந்நூறுக்கு ஏறும், அப்போது எந்த ஷாப்புக்கும் நான் லாயக்கில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் வாதத்தைக் கேட்டுப் பழகியவர்தான். ஒரு வாரம் டைம், அதுவரை மதியம் மூன்று முறை சோதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஒரே ஒரு பொருளை மட்டும் நான் இன்னும் சோதிக்கவில்லை. அது என் டப்பா.

மறுநாள் டப்பாவைத் திறக்கவே இல்லை. கேன்டீன் சப்பாத்தியை எண்ணி, அதற்கு ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். நான்கரை மணி இருக்கும். அம்மா அடுக்களையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். டப்பா கனமாக இருப்பதைப் பார்த்து ஏன் சாப்பிடவில்லை என்று பதறினாள். பெரிய சல்லடையை எடுத்துச் சின்க்கில் வைத்தேன், டப்பாவைக் கவிழ்த்தேன், குழாயைத் திறந்தேன்.

தயிரும் பாலும் வெள்ளையாக ஓடிப் போயின. கடுகும் கறிவேப்பிலையும் மேலே வந்தன. துருவிய வெள்ளரிக்காயைத் தனியாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தேன். குவியலாக வந்தது. மிஞ்சிய சாதத்தை நன்றாக வடியவிட்டுத் தராசில் வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு கிராம் இருக்க வேண்டிய சாதம், ஈரத்தோடு சேர்த்துத் தொண்ணூறு கிராம். இன்னொரு முறை வைத்தேன். தொண்ணூறுதான்.

பாலையும் தயிரையும் எவ்வளவு தாராளமாகக் கணக்கில் சேர்த்தாலும் முப்பத்தைந்து கிராமைத் தாண்டாது. முப்பத்தைந்து கிராமுக்கு நான் அறுபதுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மாதமாக. முதல் ஷிப்ட் நாள் ஒவ்வொன்றிலும்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஆனால் எது புரிய வேண்டுமோ அது புரியவில்லை. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற கூச்சம்தான் முகத்தில் இருந்தது.

"எனக்கு டாக்டரு சோத்த பாதியா கொறச்சாரு இல்ல. சுகர் நல்லா எறங்கிச்சி. உனுக்கும் எறங்கட்டுமேன்னு பண்ணேன். சொன்னா நீ கத்துவ."

"எறங்கிச்சிமா. நல்லாவே எறங்கிச்சி."

அதற்குப் பிறகு நான் கத்தினேன். அவள் சொன்னது போலவே கத்தினேன். டப்பா நிறைந்திருக்கிறது என்று நம்பி நான் முன்கூட்டியே ஊசி போட்டுவிடுகிறேன், ஊசி போட்ட பிறகு சாதம் இல்லை என்றால் அந்த ஊசி வேறெதைத் தின்னும், என்னைத்தான் தின்னும் என்றேன். பச்சைச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். ரெக்கார்ட் ரூமைப் பற்றி முதல்முறையாகச் சொன்னேன், அதுவரை அவளிடம் மறைத்திருந்தேன். கடைசியில், நீ என்னைக் கொன்றிருப்பாய் என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொன்னதற்கு எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது பொய்யில்லை.

அம்மா கொத்தமல்லியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரவு சாப்பிட வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனிமே உன் டப்பாவ நான் தொட மாட்டேன்."

தொடவும் இல்லை. மறுநாளிலிருந்து காலை நாலரைக்கு எழுந்து நானே சாதம் வைத்து, நிறுத்து, பிசைந்து கட்டிக்கொண்டேன். அம்மா அடுக்களைப் பக்கமே வர மாட்டாள். என் டப்பா மூடிய சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து வந்து தனக்கு டீ போட்டுக்கொள்வாள். என் எண்கள் அந்த வாரமே சரியாகிவிட்டன. மதியம் நூற்றிருபது, நூற்று முப்பது. ஒரு நாள்கூட இறங்கவில்லை. ஆறு யூனிட் சரி, என் கணக்கு சரி, நான் சரி. இது எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும்.

ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்து ஏன்-ஏன் தாளை நிரப்பினேன். ஏன் மயக்கம்? சாப்பாட்டுக்கு மிஞ்சிய இன்சுலின். ஏன் மிஞ்சியது? டப்பாவில் சாதம் குறைவு. ஏன் குறைவு? கட்டுகிறவர் குறைத்தார். ஏன் குறைத்தார்? குறைத்தால் நல்லது என்று நினைத்தார். ஐந்தாவது ஏனில் பேனா நின்றுவிட்டது. அப்படி ஏன் நினைத்தார்?

எனக்கு நோய் வந்த புதிதில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஊசியைக் கையில் எடுத்தாள். கண்ணில் தண்ணீர். அழுதுகொண்டே ஒரு மனுஷி எனக்கு ஊசி போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. வெடுக்கென்று பிடுங்கி நானே போட்டுக்கொண்டேன். பதினைந்து வயது. அன்றைக்குச் சாத்திய கதவை நான் மறுபடி திறக்கவே இல்லை. எத்தனை யூனிட், எதற்கு எத்தனை, முன்னாலா பின்னாலா, எதையும் அவளிடம் சொன்னதில்லை. உனக்குப் புரியாது, நீ டப்பாவை நிரப்பு, அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக என் உயிரின் பாதிக் கணக்கு அவள் கரண்டியில் இருந்திருக்கிறது, அது அவளுக்கே தெரியாது. நான் தெரியவிடவில்லை. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற திமிர்.

அந்தத் திமிர்தான் என்னை இத்தனை வருடம் நிமிர்த்தி வைத்திருந்தது. அதை நான் விடப்போவதில்லை. ஆனால் ஐந்தாவது பதில் "நான்" என்பதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. கட்டுகிறவருக்கு அளவு ஏன் என்று சொல்லித் தரப்படவில்லை, பொறுப்பு: நான். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முப்பது நாள் முடிந்ததும் அதே அறை, அதே மூன்று பேர். டாக்டர் என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு ஏன்-ஏன் தாளைப் படித்தார். எச்.ஆர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவா, என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டருக்குத் திருப்தி. காரணம் கிடைத்துவிட்டது, எண்களும் நன்றாக இருக்கின்றன. தீர்வு என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது என்றார் மேனேஜர். அவரே அதற்கு வழியும் சொன்னார். இனிமேல் என் சாப்பாட்டை நானே கட்டிக்கொள்வேன், வேறு யாரும் தொட மாட்டார்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். டாக்டர் பேனா மூடியைக் கழற்றியாயிற்று.

உண்மையில் அதுதான் அப்போது நடந்துகொண்டிருந்தது. நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வரியை எழுதுவதில் பொய்கூட இல்லை. எழுதினால் கையெழுத்து, கையெழுத்தானால் இன்சார்ஜ். கதவுக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் ஏங்கிய சத்தம்.

பேனாவை வாங்கினேன். அம்மா என்று ஒரு மனுஷியைத் தாளில் சிவப்புச் சீட்டு கட்டித் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அதே கோபம் வந்தது, சர்க்கரைக் கிண்ணத்தைப் பிடுங்கும்போது வந்த கோபம்.

எழுத மாட்டேன் என்றேன். இந்தியில்தான் சொன்னேன், சத்தமாகவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நமக்குப் பாகம் அனுப்புகிறவர் வரைபடம் கொடுக்கப்படாமல் ஒரு தவறு செய்தால் அவரைத் துரத்திவிடுகிறோமா என்று மேனேஜரைக் கேட்டேன். வரைபடத்தைக் கொடுக்கிறோம், வந்து இறங்கும் பாகத்தை இங்கே அளந்து வாங்குகிறோம். பத்தொன்பது வருடமாக நீங்கள் எனக்குச் சம்பளம் கொடுப்பது அதற்குத்தான். என் அம்மாவிடம் நான் வரைபடத்தைக் கொடுக்கவில்லை. இனி கொடுப்பேன். டப்பாவை அவர்தான் கட்டுவார், நான் நிறுத்து வாங்குவேன், அதைத்தான் எழுதுவேன்.

இன்னும் இரண்டு சொல்ல இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன். சர்க்கரை சோதிக்கும் கருவி ஷாப்பில் என் மேசையிலேயே இருக்கும், யாரும் லாக்கரில் வைக்கச் சொல்லக் கூடாது. நான் சர்க்கரை கேட்டால் சர்க்கரை கொடுக்க வேண்டும், இதை ஷாப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் டாக்டரே வந்து சொல்ல வேண்டும். சுகர் பேஷன்டுக்குச் சர்க்கரை இல்லாத டீ கொண்டுவந்து கொடுத்த இடத்தில் என் அம்மாவின் தவறைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் யோக்கியதை இல்லை. கடைசி வாக்கியத்தை எச்.ஆர்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

மறுபடியும் உன் அம்மா குறைத்தால், என்று டாக்டர் ஆரம்பித்தார். தராசில் தெரியும் என்றேன். அவர் சான்றிதழை இழுத்துக்கொண்டார். அதில் "இலகுவான வேலை மட்டும்" என்று பென்சிலில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ரப்பரைத் தேடி எடுத்து அதை அழித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்சார்ஜ் ஆகிவிட்டேன் என்றேன். அவள் துணியோடு என் தலையைப் பிடித்து அழுத்தினாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் அடுக்களையில் தராசை எடுத்து வைத்தேன். ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதினேன்: சாதம் நூற்றுத் தொண்ணூறு, தயிர் ஒரு கிண்ணம், ஊசி ஆறு. எது எதற்கு என்று சொன்னேன். சாதம் குறைந்தால் என்ன ஆகும், கூடினால் என்ன ஆகும், அவளுடைய சர்க்கரைக்கும் என்னுடையதற்கும் என்ன வித்தியாசம், எல்லாம். பதினைந்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதை நாற்பத்தொரு வயதில் சொன்னேன். அவள் நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டும் நல்ல கேள்விகள். இவளுக்குப் புரியாது என்று நான் எதை வைத்து முடிவு செய்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆபீஸில் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. தாளை என் பக்கம் தள்ளினாள்.

"ஏன்டி அப்டி எழுதிக் குடுத்த? நீயே கட்டிக்கிறேன்னு எழுதக் கூடாதா? நான் மறுபடி தப்பு பண்ணிட்டா இன்னா பண்ணுவ?"

"கண்டுபுடிச்சிடுவேன். அதாம்மா என் வேலை."

அவள் தாளைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டு இன்னொரு முறை முதலிலிருந்து படித்தாள். பிறகு, காலையில் எத்தனை மணிக்கு டப்பா வேண்டும் என்று கேட்டாள்.